நல்லி எலும்பு

“கட்டி மூளைக்குள்ள பூந்துடுச்சா டாக்டர்?”

வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த அம்பரீன் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிக்குச் சொந்தக்காரர் அவள் கணவர், தோல் மண்டி முதலாளி முஸம்மில். அவர் டீ வாங்கப் போயிருந்தார்.

டாக்டர் ஹேமலதா ஸ்கேன் படத்தைக் காட்டினார். கம்ப்யூட்டர் கட்டியின் ஓரத்தை அலசிச் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

“உள்ள பூரல. மேல உக்காந்து முன்மூளைய அழுத்துது. முழுசா எடுத்துடலாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

“இந்த எடத்துல அழுத்தினா குணமே மாறிடும். வீட்ல எப்படி இருக்காரு?”

“ஆளே மாறிட்டாரு டாக்டர். ‘ஏய்’னே கூப்ட்டுப் பழகினவரு, இப்ப ‘வாங்க, போங்க’ன்றாரு. மண்டி ஆளுங்களுக்கு இவரே மொதல்ல ஸலாம் சொல்றாரு. பிரியாணில நல்லி எலும்ப என் தட்டுல வெக்கறாரு. அதப் பாத்துதான் பயந்துபோய் இட்டாந்தேன்.”

“கவலப்படாதீங்க. ஆபரேஷன் முடிஞ்சா பழைய முஸம்மிலா ஆயிடுவாரு.”

அம்பரீனின் முகம் செத்துவிட்டது.

கதவு திறந்தது. முஸம்மில் டீயை ஆற்றி அவளிடம் நீட்டினார். “மொதல்ல நீங்க குடிங்க. சூடு கம்மிதான்.”

அம்பரீன் டாக்டரின் காதருகே குனிந்தாள்.

“ஓரமா கொஞ்சம் விட்டு வெச்சி எடுக்கக் கூடாதா டாக்டர்?”