எதிர்த்தரப்புச் சாட்சி

ரொட்டித் தொழிலாளருக்கான வேலை விதிகளை வகுக்க மெல்போர்னில் தீர்ப்பாயம் கூடியிருந்தது.

"ராத்திரி பூரா அடுப்புல வேகுறோம், ஐயா. பெண்டாட்டி மூஞ்சியே மறந்துபோச்சு. பகல்ல சுடவிடுங்க. நேத்து ரொட்டியைத் தின்னு யாரும் செத்துட மாட்டாங்க" என்று தொழிலாளர் தரப்பில் கிளெம் முழங்கினான்.

அடுத்து, முதலாளிகளின் சாட்சியாக ஒரு பெண் கூண்டேறினாள். "விடிஞ்சா எனக்குச் சூடான ரொட்டி வேணும். ராத்திரி வேலையை நிறுத்தாதீங்க."

கிளெம் மெல்ல நழுவிப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தான். சங்கத் தலைவர்தான் எகிறினார். "ராத்திரி வேலைக்குப் போறவன் வீட்டுக் கஷ்டம் உங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"என் புருஷன் பதினஞ்சு வருஷமா ராத்திரி வேலைக்குத்தான் போறாரு. அதனாலதான் நான் நிம்மதியாத் தூங்குறேன்."

"யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

அவள் கிளெமைக் கைகாட்டினாள். "இப்ப முழங்கினாரே, அவருதான். தயவுசெஞ்சு அவரை ராத்திரியில வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."