ஏழாவது ஆணி

"சேர், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கதிரையில உக்காராதீங்க. ஒங்க படத்த மாட்டியாச்சி."

விடுதித் தலைவர் விஜேந்திரன் பாதி உட்கார்ந்தபடியே நின்றுவிட்டார். மடுமாதா திருவிழாவுக்குப் போய் பத்து நாள் தங்கிவிட்டு அப்போதுதான் இரத்தோட்டைக்குத் திரும்பியிருந்தார். சட்டையில் இருந்த புழுதி கூடப் போகவில்லை. பசியோடு நேரே சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தால் இப்படி ஒரு வரவேற்பு.

"எந்தப் படத்த?"

"பின்னால பாருங்க சேர். ஏழாவது ஆணி," என்றார் விடுதி அலுவலக எழுதுவினைஞர் றமீஸா.

திரும்பி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பல்கலைக்கழக விடுதியின் பழைய தலைவர்கள் ஆறு பேரும் கண்ணாடிச் சட்டங்களுக்குள் வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவதாக அவரே அவரை முறைத்தார். சந்தன மாலை வேறு.

புதிய தலைவர் வந்த முதல் வாரமே படம் எடுத்து, சட்டம் போட்டு, துணியால் மூடிக் களஞ்சிய அறையில் வைத்துவிடுவார்கள். அவர் பதவியை விட்டுப் போகிற நாளில்தான் அது சுவருக்கு வரும். அங்கே அதுதான் வழக்கம்.

"யாரு மாட்டினது?"

பராமரிப்பாளர் செல்லச்சாமி சுத்தியலோடு முன்னால் வந்தார். "நான்தாங்க சேர்."

"நான் பதவிய விட்டுட்டேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாராச்சும் சொல்லணுமா சேர்? வேன்ல மெத்தைய ஏத்தினீங்க. பானை சட்டிய ஏத்தினீங்க. கேஸ் அடுப்பயும் ஏத்தினீங்க. தோட்டத்து லயத்து வீட்டக் காலி பண்ணிட்டுப் போறவங்க கூட அவ்வளவு சாமான் கொண்டு போக மாட்டாங்க."

"மடுவுல கூடாரம் போட்டுத் தங்குறதுன்னா வெறுங்கையோடயா போறது? சமைச்சுச் சாப்பிட வேணாமா? சரி, நடந்தது நடந்துபோச்சி. எறக்குங்க."

செல்லச்சாமி றமீஸாவைப் பார்த்தார். றமீஸா விதிப் புத்தகத்தைத் திறந்தார். அதை எழுதியவர் விடுதியின் முதல் தலைவர். தனக்குப் பின்னால் வருகிறவன் எவனும் கதிரையை விட்டு எழும்ப மாட்டான் என்ற பயம் அந்த மனிதருக்கு இருந்திருக்க வேண்டும்.

"படம் மாட்டின நிமிஷத்தோட தலைவர் பதவி முடியுது. பதினோராம் விதி. மாட்டின படத்த எறக்கத் தலைவர் கையெழுத்து வேணும். பன்னிரண்டாம் விதி."

"கொண்டாங்க, வைக்கிறேன்."

"நீங்க தலைவர் இல்லையே சேர்."

"படத்த எறக்கினா நான்தானே தலைவர்?"

"எறக்குறதுக்குத் தலைவர் கையெழுத்து வேணுமே சேர்."

விஜேந்திரன் மண்டபத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். சத்தம் போட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். றமீஸா இரக்கப்பட்டு ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். அதுவும் விருந்தாளிகளுக்கான கோப்பையில் வந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி மதுஷிகா போனில் வந்தாள். "என்னங்க, அஞ்சு மணிக்குள்ள தலைவர் பங்களா சாவியக் கொடுக்கச் சொல்றாங்க. அப்ப நம்ம மிளகுக் கொடியெல்லாம்?"

ஆறு வருஷமாக அவள் தன் கையால் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த கொடிகள். இந்த வருஷம்தான் நன்றாகக் காய் பிடித்திருந்தன. விஜேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. பதவி போனால் கூடப் பரவாயில்லை, அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

"றமீஸா, தலைவரே இல்லாட்டி யாரு கையெழுத்துப் போடுறது? அதுக்கும் ஒரு விதி இருக்குமே."

"இருக்கு சேர், பதிமூணு. கடைசித் தலைவருக்கு முன்ன தலைவரா இருந்தவர் போடலாம். ஆறாவது ஆணி, யாகூப் சேர். யட்டவத்தையிலதான் இருக்காங்க."

"இத முதல்லயே சொல்லக் கூடாதா? உடனே கூப்பிடுங்க."

நாலு மணிக்கு யாகூப் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். எழுபது வயதிருக்கும். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். விஜேந்திரன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் சேர், ஒங்கள அலைய வச்சிட்டேன். எல்லாம் செல்லச்சாமி செஞ்ச வேல."

"போன்ல கேட்டப்பவே மனசு விட்டுப்போச்சி," என்றார் யாகூப். "இது என்ன அநியாயம்? ஒரு மனுசன் சாமி கும்பிட்டுட்டு வர்றதுக்குள்ள அவன் கதிரையப் பறிக்கிறதா? இத இன்னைக்கே சரி பண்ணணும்."

இப்படிப்பட்ட ஒரு நல்ல மனிதரை இத்தனை காலமும் ஒரு பெருநாளுக்குக் கூடப் போய்ப் பார்க்கவில்லையே என்று விஜேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது.

"றமீஸா மகள், இப்ப என்ட கையெழுத்துச் செல்லும்தானே?"

"செல்லும் சேர். ஆனா ஒரே ஒரு படத்துக்குத்தான். அத எறக்கினதும் அந்தப் படத்துக்காரர் தலைவர் ஆகிருவார். பொறகு எல்லாம் அவர்தான் போடணும்."

"ஒண்ணு போதும்."

யாகூப் நிதானமாக எழுதி, கையெழுத்திட்டு, தேதியும் போட்டார். செல்லச்சாமி அதை வாங்கிப் படித்தார். இன்னொரு தரமும் படித்தார். பிறகு ஏணியில் ஏறி ஆறாவது ஆணியில் கை வைத்தார்.

"செல்லச்சாமி, அது யாகூப் சேரோட படம்," என்றார் விஜேந்திரன்.

"அதுதான்," என்றபடி யாகூப் தலைவர் கதிரையில் உட்கார்ந்தார். "நானும் அன்னைக்கு ஹஜ்ஜுக்குத்தான் போனேன் சேர். திரும்பி வந்து பாத்தா என்ட படம் சுவர்ல இருந்திச்சி, கதிரையில நீங்க இருந்தீங்க."