பச்சைக் கதவு

“கவிஞர்னா சரி அண்ணே. வேலை என்ன பண்றாருன்னு கேட்டேன்,” என்றாள் நன்யோங்கா.

பெண் வீட்டுப் பந்தல் குலுங்கிச் சிரித்தது. எதிர்ப்பந்தலில் நாற்பது உறவுக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை லுஸ்வாத்தாவுக்கு வெள்ளை அங்கிக்குள் வியர்த்தது.

பெண் கேட்டுப் போகிற நாளில் மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. பெண்ணைப் பெற்றவரும் பேச மாட்டார். இரண்டு பக்கமும் கூலிக்கு ஒரு வாயைப் பிடித்து வந்து மோதவிடுவார்கள்.

ஐயாயிரம் பேர் முன்னால் மூச்சு விடாமல் ராப் பாடுகிறவன், இன்று கோந்து தின்றவன் மாதிரி இருந்தான்.

பெண் வீட்டு வாய் நன்யோங்கா. அவனுக்காகப் பேச வந்தவர் கஜ்ஜூபி. கம்பாலாவில் நல்ல கிராக்கி உள்ள வாய். பல் கொட்டின மாட்டைக் கன்று என்று விற்றுவிட்டு, வாங்கினவனிடமே வாழ்த்தும் வாங்கி வரக்கூடியவர்.

“வேலையா? எண்ணிக்கோங்க தங்கச்சி. ரெண்டு கவிதைப் புத்தகம். நாலு இசைத்தொகுப்பு. நைரோபியில முதல் பரிசு. டர்பன் மேடையில ஜனங்க எழுந்து நின்னு கைதட்டுனாங்க. நம்ம லுகாண்டா பாஷையில ராப் எழுதினா எவன் கேப்பான்னு சொன்னாங்க. இன்னிக்கு அதைப் பல்கலைக்கழகத்துல பாடமா வெச்சிருக்காங்க.”

“பரிசைக் குழம்புல போட முடியுமா அண்ணே?”

“உங்க குழம்புக்கு அதுவே தேவலைன்னு கேள்வி.”

சிரிப்பு இந்தப் பந்தலுக்கு மாறியது. லுஸ்வாத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் பெண்ணின் அப்பா செபுலிபா மேலேயே இருந்தது.

கிகூபோ சந்தில் முப்பது வருஷமாகச் சர்க்கரை மொத்த வியாபாரம். வருகிறவன் முகத்தைப் படித்து விலை சொல்கிறவர். தன் முகத்தில் மட்டும் எதையும் எழுதி வைக்காதவர்.

கஜ்ஜூபி அடுக்கிய பட்டியலை எழுதிக் கொடுத்ததே லுஸ்வாத்தாதான். அதில் ஒன்றை மட்டும் விட்டிருந்தான். ‘பச்சைக் கதவு’.

அவனைத் தூக்கிவிட்ட பாட்டு. டாக்சியிலும் முடிவெட்டும் கடையிலும் அது ஒலிக்காத நாள் கிடையாது. தேநீர் விற்ற அவன் அம்மாவுக்கு, கிகூபோவில் பச்சைக் கதவு போட்ட ஒரு கடைக்காரர் கிலோவுக்கு நூறு கிராம் குறைத்துச் சர்க்கரை நிறுத்த கதை. கடைக்காரர் பேர் தெரியாமல்தான் எழுதினான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், அவன் கட்டிக்கொள்ளப்போகும் நபுகீரா அவனை அந்தச் சந்துக்குக் கூட்டிப்போய், “அதோ, அப்பா கடை,” என்று காட்டினாள்.

கதவு பச்சை.

எதிர்த்த சர்க்கரைக் கடைக்கும் பச்சைதான். ஆனால் சின்ன வயதில் அம்மாவுக்காகப் பை தூக்கிப் போனவனுக்கு எந்தக் கதவு என்று மறக்குமா?

“அந்தப் பாட்டுப் பேச்சை மட்டும் எடுத்துடாதீங்கய்யா,” என்று கஜ்ஜூபியிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தான்.

நன்யோங்கா உதட்டைப் பிதுக்கினாள். “டர்பனாம், நைரோபியாம். எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒண்ணாவது இருக்கா, இல்ல எல்லாமே வெளியூர் சரக்கா?”

நல்ல வாய்க்கு ஒரு வியாதி உண்டு. கைதட்டல் வாசனை பட்டால் கூலி கொடுத்தவன் மறந்துபோவான்.

“‘பச்சைக் கதவு’ பாடினதே எங்க புள்ளதான் தங்கச்சி!”

இரண்டு பந்தலும் ஓவென்று கத்தின. பெண் வீட்டு இளவட்டங்கள் முதல் இரண்டு அடியைப் பாடியே விட்டார்கள். மூன்றாவது அடியில் சர்க்கரை வந்தது. பாட்டு பிசுபிசுத்து நின்றது. தலைகள் ஒவ்வொன்றாக செபுலிபா பக்கம் திரும்பின.

லுஸ்வாத்தா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். பேசினால் முறை கெட்டது, பேசாவிட்டால் பெண் போனாள். கொண்டுவந்த மூட்டைகளும் ஆடுகளும் அதே லாரியில் ஊர் திரும்புவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. நபுகீரா எந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாளோ.

செபுலிபா ஒரு விரலை மடக்கி நன்யோங்காவைக் கூப்பிட்டார். அவள் காதில் ஏதோ சொன்னார். அவசரமே படாமல் சொன்னார்.

அவள் நடுவில் வந்து நின்றாள்.

“எங்க பெரியவர் ஒண்ணே ஒண்ணு கேக்கறார். அந்தப் பாட்டுல வர்ற திருடன், எதிர்க்கடை கிவும்பிதானே?”

எண்பது ஜோடிக் கண்கள் லுஸ்வாத்தா மேல் விழுந்தன.

தன் பாட்டில் ஒரு சொல் பொய் கிடையாது என்று பேட்டிக்குப் பேட்டி சொல்கிறவன் அவன். ஆமாம் என்று தலையை ஆட்டினான். கழுத்து கழன்றுவிடும் போல ஆட்டினான்.

பந்தல் வெடித்தது. “கிவும்பிக்கு நல்லா வேணும்!” என்றார் யாரோ ஒரு பெரியப்பா. மூட்டைகள் உள்ளே போயின. மைத்துனன் கைக்குச் சேவல் மாறியது. சேவல் மாறிவிட்டால் பெண் கொடுத்தாயிற்று. லுஸ்வாத்தா காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் ஒரேயடியாக விட்டான்.

படம் பிடிக்க அவனை மாமனாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

செபுலிபா கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் பேசினார்.

“கிவும்பி இல்ல. நான்தான். உனக்கும் தெரியும்.”

லுஸ்வாத்தா கேமராவை விட்டு அவர் பக்கம் திரும்பினான்.

“பாட்டு வந்த மறுநாளே எடைக்கல்லை மாத்திட்டேன். அவனும் குறைக்கிறவன்தான், இன்னிக்கு வரைக்கும் மாத்தல. அவன் கூட்டம் பூரா இப்ப என் கடையில.”

கேமரா பளிச்சென்று மின்னியது.

“அடுத்த பாட்டுல கதவெல்லாம் வேணாம் மாப்ள. கடைப் பேரையே போட்டுடு.”