முன் பெஞ்சு

“எங்கே, ‘கின்ஆ’ன்னா என்னன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்” என்றார் எபிரெய வாத்தியார்.

வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. முன் பெஞ்சிலிருந்து எலக்ட்ரீஷியன் மட்டும் எழுந்தார்.

இந்த மனிதருக்கும் எபிரெயத்துக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. எல்லாம் பெண்டாட்டியால் வந்தது. தேவாலய மாடியில் வாரம் ஒரு மாலை வேதத்தின் மூலமொழி சொல்லித்தருகிறார்கள் என்று அவள்தான் முதலில் போனாள். போனவள் வீட்டுக்கு வந்து வாய்க்கு வாய் ‘சார் சொன்னார், சார் சொன்னார்’ என்றாள்.

சாருக்கோ கல்யாணமாகவில்லை. குரல் வேறு தேன்.

இவருக்கு வயிறு எரிந்தது. அந்த வாரமே, வேலை முடிந்த கையோடு, சட்டைப்பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டிருக்க நேராக வந்து வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

கடைசி பெஞ்சுதான் வசதி. அங்கிருந்து சாரும் தெரிவார், ஜன்னலோரம் அவளும் தெரிவாள். கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார்.

ஆனால் பலகையில் சார் என்னதான் எழுதித் தொலைக்கிறார் என்று தெரியவேண்டாமா? எழுத்துகளைக் கற்றார்.

எபிரெயத்தில் உயிரொலிகள் புள்ளியும் கோடுமாக எழுத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் ஈ மொய்த்த மாதிரிதான் இருக்கும். ஒரு பெஞ்சு முன்னே வந்தார். அடுத்த வாரம் இன்னொன்று. இப்படியே நகர்ந்து வாத்தியார் மேஜைக்கு எதிரிலேயே வந்துவிட்டார்.

சனியன் பிடித்த மொழி, ருசி காட்டிவிட்டது. ஏணிமேல் நின்று ஒயர் இழுக்கும்போதும் வாய் வினைச்சொற்களை முணுமுணுத்தது.

இப்போது மடை திறந்தாற்போல் சொன்னார். தன்னுடையது கைவிட்டுப் போய்விடுமோ என்று நெஞ்சில் ஏறுகிற சூடுதான் கின்ஆ. மனைவிமேல் சந்தேகப்படுகிற புருஷனுக்கும் அதே சொல். தன் ஜனங்களை அந்நிய தெய்வங்களுக்கு விட்டுக்கொடுக்காத கடவுளுக்கும் அதே சொல். நாம்தான் ஒன்றைப் பொறாமை என்கிறோம், மற்றதை வைராக்கியம் என்கிறோம். அடுப்பு ஒன்றுதான்.

வகுப்பு கைதட்டியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இதையெல்லாம் அவள் கேட்டாளா என்று, எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தார்.

அவள் இடத்தில் வேறொரு அம்மாள் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“அடடே, கேக்கணும்னே இருந்தேன்” என்றார் வாத்தியார். “வீட்டுல அவங்களுக்கு உடம்பு தேவலையா? நீங்க முன் பெஞ்சுக்கு வந்ததுலேர்ந்து ஆளையே காணோமே?”

எலக்ட்ரீஷியன் இன்னொரு தரம் ஜன்னலோரம் பார்த்தார். “தேவலை சார்” என்றார்.

மீதிப் பாடத்தில் ஒரு எழுத்துகூட அவர் மண்டையில் ஏறவில்லை. வகுப்பு விட்டதும் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

ஒவ்வொரு வாரமும் போலவே, கீழே ஸ்கூட்டர் பக்கத்தில், பாடப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

“இன்னைக்குப் பாடம் ரொம்ப நல்லா இருந்துச்சு, இல்லீங்க?” என்றாள்.