நடுத்தூணின் நிழல்

இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் பக்கத்துப் பண்ணை ஹெட்டியுடையது. அவளுடைய தானியக் களஞ்சியம் முழுக்க ஓக் மரச்சட்டம். இணைப்புகளில்கூட இரும்பு கிடையாது, மர ஆணிகள்தான். நடுத்தூண் ஒன்று அடியில் உளுத்துப்போனதால், தச்சனான தம்பி ஆமோஸை வரவழைத்தாள். அவன் உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, தூணை அறுத்து வெளியே தள்ளினான்.

“நானூறு வருஷம் நின்னதுடா. விறகு மாதிரி எறியுற?”

“நின்னது போதும்க்கா. நீ டீயை ஊத்து.”

தூணின் அடிக்கல்லைத் துடைக்க அவன் குனிந்தபோது முட்டு பிளந்து சரிந்தது. ஹெட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மேலிருந்து ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் உத்திரம் அப்படியே இருந்தது, கீழே பிடிமானம் எதுவும் இல்லாமல். பெரிய கதவு வழியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மற்றத் தூண்களின் நிழல்களோடு, தூண் இல்லாத இடத்திலிருந்தும் ஒரு நிழல் தரையில் நீண்டு கிடந்தது.

“அக்கா...”

“பேசாம வெளிய வாடா. அதை மிதிச்சிடாதே.”

அவன் நிழலைச் சுற்றிக்கொண்டு வந்தான். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். மூவரும் கப்பி கட்டிப் புதுத் தூணை நிமிர்த்தினோம். அதன் நிழல் பழையதற்குப் பக்கத்தில் தனியாக விழுந்தது. ஆமோஸ் கடைசி ஆப்பை அடித்தான். தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இன்னும் நூலளவு இடைவெளி தெரிந்தது.

ஹெட்டி பழைய நிழலருகே குனிந்தாள்.

“போதும்ப்பா, இறக்கி வச்சிடு.”

உத்திரம் மெல்ல முனகியபடி புதுத் தூணின் மேல் வந்து உட்கார்ந்தது.