ஆயிரத்து இரண்டு

கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டு அடித்தாள் என் கணவரின் மகள்.

"ம்... இப்ப சுத்தம் பண்ணுங்க."

வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் எள் விழவும் இடமில்லை. அவள் வரைந்த படத்தைச் சேமிக்கக்கூட முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம். அவள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'இங்க பாருங்க'. கம்ப்யூட்டரில் எனக்கென்று ஒரு கணக்கு தொடங்கித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அவள் அப்பாவின் கணக்கில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறேன்.

ஆரம்பித்தேன். எப்போதோ நீக்கிய மென்பொருள்களின் மிச்சங்கள், லினக்ஸின் பழைய கெர்னல் பதிப்புகள், கம்ப்யூட்டர் தானே எழுதிவைத்து யாரும் படிக்காத லாக் ஃபைல்கள். எல்லாவற்றையும் துடைத்தேன். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக, உரிமையாளர் இல்லாத ஃபைல்களைத் தேடினேன்.

திரை நிறைய வரிகள் ஓடின. ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் 1002.

ஒருவரின் கணக்கை அழித்தால் பெயர் போய்விடும். அவர் சேர்த்துவைத்தவை மட்டும், கம்ப்யூட்டர் அந்தக் கணக்குக்குக் கொடுத்திருந்த எண்ணைச் சுமந்துகொண்டு அங்கங்கே கிடக்கும். ஆஸ்பத்திரியில் இவற்றைத்தான் முதலில் அழிப்போம்.

அவள் என் தோளைப் பிடித்தாள்.

"அது அம்மா."

கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் இறந்துபோன முதல் மனைவியின் முகம் வந்து நிற்பதைத் தாங்கமுடியாமல் அந்தக் கணக்கை அழித்துவிட்டதாக என் கணவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். இனி யாரும் எந்தக் கணக்கையும் தொடங்கவோ அழிக்கவோ முடியாதபடி அன்றைக்கே மகள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாளாம். பாவம், இரண்டு பேரும்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். மற்றதைத் துடைத்ததிலேயே வேண்டிய இடம் கிடைத்துவிட்டது, இதைத் தொடவேண்டாம் என்றேன்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். புதிய கணக்கு ஒன்று தொடங்கி, என் பெயரைப் பிழையில்லாமல் அடித்தாள்.

காலியாக இருந்த அடுத்த எண்ணைக் கம்ப்யூட்டர் தானாகவே எடுத்துக் கொடுத்தது. 1002.

மறுபடியும் தேடிப் பார்த்தாள். உரிமையாளர் இல்லாத ஃபைல் ஒன்றுகூட இல்லை. எதையும் நாங்கள் அழிக்கவில்லை. அம்மாவின் ஃபோல்டரைத் திறந்தாள். வரிக்கு வரி என் பெயர்.

அடுத்து யாருக்குக் கணக்கு தொடங்கினாலும் அம்மாவின் எண் அவருக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இதிலேயே ஊறிய எனக்குத்தான் ஆறு மாதமாக உறைக்கவில்லை.

கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"பாஸ்வேர்டு போடுங்க, நான் பாக்கல. மறந்துடாத மாதிரி ஒண்ணு போடுங்க."