வலை இலவசம்

மார்ச் 9, சனிக்கிழமை. என் குறை இது: மாட்டுப்பண்ணைக்கு லோடர் வாங்கச் சென்ற இடத்தில், அதை ஓட்டப்போகிறவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓட்டப்போகிறவள் என் இளைய மருமகள். கொட்டிலில் சாணம் வழிப்பதும், வைக்கோல் கட்டுகளைத் தூக்கி அடுக்குவதும் இப்போது அவள் பொறுப்பு.

விற்பனையாளர் எனக்கும் என் மூத்த மகனுக்கும் விளக்கப் புத்தகம் தந்தார். அவளுக்கு ஒரு நாற்காலி தந்தார்.

இரு நிறுவனங்களின் லோடர்கள் அருகருகே நின்றன. நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் சிறிய இயந்திரங்கள். இரண்டும் ஒரே எடையைத் தூக்கும்.

நீல லோடருக்குக் கதவு பக்கவாட்டில். சாம்பல் லோடருக்குக் கதவு முன்னால், வாளிக்கு நேர் பின்னே.

மூத்தவன் சாம்பலைத் தேர்ந்தான். பழைய லோடரும் அதே நிறுவனத்தினுடையது. அதன் வாளியும், வைக்கோல் கட்டைக் குத்தித் தூக்கும் இரும்புக் கவையும் இதற்கும் பொருந்தும். மெக்கானிக் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்.

காரணங்கள் அனைத்தும் சரியானவை. ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய என்னால் அரை மதிப்பெண்கூடக் குறைக்க முடியாது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

விற்பனையாளரைச் சாம்பல் லோடரில் ஏறி உட்காரச் சொன்னேன். வாளியைத் தாங்கும் தூக்குக்கைகளைப் பாதி உயரத்தில் நிறுத்தச் சொன்னேன். எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே வரச் சொன்னேன்.

கதவு நான்கு விரற்கடை திறந்தது. வாளியில் முட்டி நின்றது.

அவர் உள்ளிருந்தபடியே சிரித்தார். பின்புறக் கண்ணாடியைச் சுட்டிக்காட்டினார். அவசரம் என்றால் அதைத் தள்ளிவிட்டு வெளியே குதிக்கலாமாம்.

மூத்தவன் பல்லைக் கடித்தான். "அப்பா, மெஷின் வாங்க வந்தோமா, இவருக்குப் பரீட்சை வைக்க வந்தோமா? மானத்தை வாங்காதீங்க."

பிறகு அவனும் ஓர் ஐயம் கேட்டான். வைக்கோல் கட்டு உருண்டு விழுந்தால் அந்தப் பின்கண்ணாடி தாங்குமா?

எஞ்சினை மறுபடி இயக்கி, தூக்குக்கைகளை இறக்கிவிட்டு வெளியே வந்த விற்பனையாளர் அவன் தோளைத் தட்டினார். "அதுக்கென்ன சார், பின்னாடி கம்பிவலை அடிச்சே தந்துடறோம். உங்களுக்காக ஃப்ரீ!"

மூத்தவனின் முகம் மலர்ந்தது. அங்கேயே கையெழுத்திட்டான்.

நாற்காலி காலியாக இருந்தது. இளைய மருமகள் லோடரின் பின்னால் நின்று, அந்தக் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் முழுமையாக விரியவில்லை. தீப்புண் ஆறிய தோல் அவற்றை இழுத்துப் பிடித்திருந்தது.

பழைய லோடரின் பின்புறத்திலும் கம்பிவலை இருந்தது. கண்ணாடி இரண்டு முறை உடைந்துவிட்டது என்று, அந்த வலையை வெல்டிங் செய்து பொருத்தியவன் மூத்தவன்.

சென்ற கோடையில், கொட்டகைக்குள் வைக்கோல் கட்டைத் தூக்கிய நிலையில் எஞ்சின் நின்று, அதன் சூட்டில் வைக்கோல் பற்றிக்கொண்டபோது, உள்ளே அமர்ந்திருந்தவன் என் இளைய மகன்.

வெளியே நின்று அந்த வலையை வெறுங்கையால் பிய்க்க முயன்றவள் அவள்.

வாசகரே, விலையையும் நிறத்தையும் பிறகு பாருங்கள். ஓட்டப்போகிறவரை முதலில் உள்ளே உட்கார வையுங்கள். தூக்குக்கைகளைப் பாதியில் நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். வெளியே வரச் சொல்லுங்கள்.

அவர் வந்து உங்கள் முன் நிற்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.